கணக்கைத் தள்ளிப் போடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் கம்யூனிகேஷன் படிக்கும் ஒரு பெண்ணின் பாடத்திட்டத் தாளை இன்று பார்த்தேன். மேடைப்பேச்சு, விவாதம், குழு உரையாடல், எல்லாம் முடிந்திருக்கிறது.

கணக்குக்கு எதிரே மட்டும் காலி.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கம்யூனிட்டி காலேஜிலிருந்து கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு (சுருக்கமாக, கால் ஸ்டேட்) மாற 60 யூனிட், அதாவது பாடங்களுக்கான கிரெடிட், மட்டும் போதாது. பேச்சு, ஆங்கிலக் கட்டுரை, தர்க்கச் சிந்தனை, கணக்கு, நான்கிலும் தேறியாக வேண்டும்.

கணக்குக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுப்பதே நல்லது. யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகமும் கம்யூனிகேஷன் படிப்புக்கு அதைக் கேட்கிறது.

இன்னொன்று: மாறுவதற்காகவே கம்யூனிட்டி காலேஜ் தரும் டிரான்ஸ்ஃபர் பட்டம் கால் ஸ்டேட்டில் இடம் தரும், ஆசைப்பட்ட வளாகத்தையே தராது. எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் செமஸ்டரிலேயே பார்த்துவிடுங்கள்.