கிகிள், சக்கிள், சார்ட்டில்

அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தி, இந்தப் பொண்ணு கிகிள் பண்றா, அப்பா சக்கிள் பண்றார், பையன் ஸ்னிக்கர் பண்றான். நீங்க எல்லாத்துக்கும் சிரிச்சாங்கன்னே சொல்றீங்களே?"

அவள் கேட்டது நியாயம்தான். இரவு அகராதிகளை எடுத்துவைத்துக்கொண்டேன்.

இவற்றில் பல, காதில் விழுந்த ஒலியிலிருந்தே பிறந்தவை. கிகிள் 1500 வாக்கில் வந்தது. நம் 'களுக்' போலத்தான். ஸ்னிக்கர் நமுட்டுச் சிரிப்பு. அதில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. சக்கிள்தான் என்னை நிறுத்திவைத்தது. கோழி எழுப்பும் 'சக் சக்' ஒலியோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குப் பொருள் உரக்கச் சிரிப்பது. தனக்குள் மெல்லச் சிரிப்பது என்ற பொருள் பிற்பாடு வந்தது. தமிழிலும் கோழி கொக்கரிக்கிறது, வென்ற ஆளும் கொக்கரிக்கிறான். அதே கோழிதான், ஆனால் நம்மிடம் அது இறுமாப்பின் பக்கம் போய்விட்டது.

அசட்டுச் சிரிப்பு என்றால் ஆங்கிலத்தில் சில்லி என்ற சொல்லும் கூடவே வரும். அதன் கதையைப் படித்தபோது மனசு கனத்துப்போனது. பழைய ஆங்கிலத்தில் அது மகிழ்ச்சியான, ஆசி பெற்ற என்று பொருள்பட்ட சொல். ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லான ஸேலிஷ் இன்றும் அந்தப் பொருளோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது சூதறியாதவர், பரிதாபத்துக்குரியவர், பலவீனர் என்று படிப்படியாக இறங்கி, 16ஆம் நூற்றாண்டில் அசடு என்று ஆகிவிட்டது.

சார்ட்டில் என்ற சொல்லைச் செய்தவர் யார் என்றே தெரியும். ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல், 1871 இறுதியில் வெளிவந்த தன் இரண்டாவது ஆலிஸ் கதையில் வரும் 'ஜாபர்வாக்கி' பாட்டில் அதை எழுதினார். கொடிய விலங்கைக் கொன்று திரும்பும் மகனைப் பார்த்து எழும் பூரிப்புச் சிரிப்பு அது. சக்கிளையும், மூக்கால் சீறுகிற ஸ்னார்ட்டையும் சேர்த்துப் பிசைந்த சொல்.

மறுநாள் அவளோடு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். பெண் களுக்கென்று சிரித்தாள். அப்பா தனக்குள் சிரித்துக்கொண்டார். பையன் நமுட்டுச் சிரிப்பு சிரித்தான். அப்புறம் சார்ட்டிலைச் சொன்னேன். தனக்குள் சிரிப்பதாகத் தொடங்கி மூக்கில் போய் முடியும் என்றேன்.

"அது நம்ம தாத்தா சிரிப்பு!" என்றாள்.