மெகா டிரைவ் 1: வேகம் வந்தது, வண்ணம் போனது

செகாவின் பழைய வீடியோ கேம் கன்சோல், சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு வந்த சாமான். பிஏஎல் டிவி முறை, 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய ஜப்பான் ஆட்டங்கள் இதில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. அதனால் 50, 60 இரண்டுக்கும் மாற்ற ஸ்விட்ச் வைக்கும் வேலை.

அடாப்டரில் நடுமுனை மைனஸ். பிறகு வந்த மாடல் 2-க்கு நேர்மாறு, மாற்றிச் செருகக் கூடாது. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் புகைந்துவிடும்.

பிரித்துப் போட ஆத்தங்குடிக் கல் தரை ஆகாது. அந்தப் பூவேலையில் விழுந்த திருகு கண்ணில் படாது; வெள்ளை வேட்டியை விரிப்பதே நல்லது.

சர்க்யூட் பலகையில் ஜேபி1 முதல் ஜேபி4 வரை ஜம்பர்கள், அதாவது இணைப்புக் கம்பிகளுக்கான இடங்கள்: ஒரு ஜோடி மொழிக்கு, ஒரு ஜோடி ஹெர்ட்ஸுக்கு. ஜோடியில் ஒன்று 5 வோல்ட்டுக்கும் மற்றது கிரவுண்டுக்கும் போகும். எது எங்கே என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கத்தரிக்க வேண்டும். மூன்று கால் ஸ்விட்சில் நடுக்கால் சிக்னலுக்கு, ஓரக்கால்கள் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும். பழைய ஜம்பரை எடுக்காமல் விட்டால் ஸ்விட்சைத் தட்டியதும் ஷார்ட்தான். மொழியில் 5 வோல்ட் என்றால் ஆங்கிலம், கிரவுண்ட் என்றால் ஜப்பான். ஹெர்ட்ஸில் 5 வோல்ட் 60, கிரவுண்ட் 50.

கன்சோல் எந்த நாட்டுக்கானது என்று சில ஆட்டங்கள் தொடக்கத்தில் மட்டும் சோதிக்கும். அதற்கு ஏற்றபடி வைத்து ஆன் செய்து, தலைப்பு வந்ததும் 60-க்குத் தள்ளினால் போதும். ஜப்பான் கேட்ரிட்ஜ் அகலமானது. வாயில் இடிக்கும் பிளாஸ்டிக்கை அரம் போட்டு ராவ வேண்டும்.

60-க்குத் தள்ளியதும், டிவிக்குப் போகும் மஞ்சள் வீடியோ ஒயரில் படம் கறுப்பு வெள்ளை ஆனது. இது பழுதல்ல. கன்சோலின் 53.203 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 12-ஆல் வகுத்தால், வண்ணத்தைச் சுமக்கும் பிஏஎல் வண்ண அலையான 4.43 வரும். 60-இல் அதையே 15-ஆல் வகுக்கிறது, வருவது 3.547. 60 ஹெர்ட்ஸ் டிவி முறையான என்டிஎஸ்சிக்கு 3.58 வேண்டும், டிவி பிடிக்காது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஒயரில் போகும் ஆர்ஜிபியில் வண்ண அலையே கிடையாது, அதனால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆர்ஜிபி கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் கால் கன்சோல் பக்கம். இல்லையென்றால் டிசி மின்னழுத்தம் கலந்து படம் வெளுக்கும். ஆர்ஜிபி வாங்கும் ஐரோப்பிய டிவி இணைப்பான ஸ்கார்ட் துளை நம் டிவிக்களில் கிடையாது. ஓஎஸ்எஸ்சி என்ற மாற்றிப் பெட்டி வழியாக எச்டிஎம்ஐக்குப் போனது. மலிவான ஸ்கார்ட் பெட்டிகள் 240 வரிப் படத்தை இன்டர்லேஸ் (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்று அனுப்பும் படம்) என்று எண்ணிக் குழப்பும்.

இப்போது எழுத்தின் ஓரம் கத்தி வெட்டு. நீல வானத்தில் மட்டும் மெல்லிய செங்குத்துக் கோடுகள் மிச்சம். வண்ண அலை, வீடியோவை உருவாக்கும் சிஎக்ஸ்ஏ1145 சிப்பின் 6-ஆம் காலில் நுழைந்து கசிவதே காரணம். அந்தக் காலைத் தூக்கினால் கோடு மறையும், ஆனால் மஞ்சள் ஒயரில் வண்ணம் நிரந்தரமாகப் போகும். அதற்கு இன்னும் கை வைக்கவில்லை.