எடின்பரோவில் துரையின் கடிதங்கள்

இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட துரை ஜேம்ஸ் டெய்லரை மலையகத்தில் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்து, 1852இல் இலங்கைக்கு வந்தவர். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த மலையில் காடு வெட்டியவர்களில் என் முன்னோரும் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு வரியாவது கிடைக்காதா என்றுதான் போனேன்.

உறுப்பினர் அட்டைக்குக் காசில்லை. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும். ஆனால் கையெழுத்துப் பிரதிகளை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். எண் தெரிந்திருந்தால் வேலை சுலபம்: எம்.எஸ். 15908 முதல் 15910 வரை, மூன்று கட்டுகள். பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு மட்டும் உள்ளே போனேன்.

முதல் நாள் பாதி எழுத்தைப் பழகுவதிலேயே போனது. அந்தக் காலக் கையெழுத்தில் ‘எஸ்’ இரண்டு சேர்ந்து வந்தால் முதலாவது ‘எஃப்’ போல நீண்டிருக்கும். மறுபக்கத்து மை வேறு ஊறித் தெரிந்தது. ஒரு பக்கத்தை அப்படியே பென்சிலால் எழுதிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் கண் பழகியது. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: படிக்காதீர்கள், முதலில் எழுதுங்கள்.

பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையில், ராபர்ட் ஆடம் கட்டிய ரெஜிஸ்டர் ஹவுஸுக்கும் போனேன். அங்கே நாள் கட்டணம் கட்டிப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைத் தேடலாம். அரசுப் பதிவு தொடங்கியது 1855இல்தான். டெய்லர் பிறந்தது 1835. எனவே தேட வேண்டியது ஃபோர்டூன் பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) திருச்சபைப் பதிவேட்டில். எந்தப் பங்கு என்று தெரியாமல் போனால் ஒரு நாள் வீண்.

டெய்லர் என்ற ஒரு தச்சர் மகனின் குடும்பத்தைக்கூட இவ்வளவு தூரம் தேடிப் போக முடிகிறது என்று நினைத்தபோது மனது கனத்தது. நான் படித்த பக்கங்களில் எங்கள் ஆட்களின் பெயர் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவர் இறந்தபோது ‘சாமி துரை’ என்று அழுதுகொண்டே பிணத்தின் பின்னால் நடந்தவர்கள் அவர்கள்தான்.

மூன்று கட்டுகளில் ஒன்றைத்தான் முடித்திருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்.