பெர்ட்டின் தலையில் தையல் தெரியவில்லை

‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் எர்னி, பெர்ட் என்ற பொம்மை ஜோடியை நானே செய்துகொண்டிருக்கிறேன். அதில் பெர்ட்டின் பின்தலைத் தையலை ஒருவழியாக வென்றுவிட்டேன். மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சியிலிருந்து பிடரிக்கு இறங்கும் கோடு எங்கே இருக்கிறது என்று விரலால் அழுத்தித் தடவினால்தான் எனக்கே தெரிகிறது. கைப்பொம்மை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

எர்னியை முன்பே முடித்தாகிவிட்டது. ஆரஞ்சு நிறத் துணி பல குற்றங்களை மன்னித்துவிடும், மஞ்சள் மன்னிக்காது. வெளிர்நிறத்தில் ஊசி இழுத்த இடமெல்லாம் நிழலாக விழுந்து கண்ணை உறுத்தும். எர்னிக்கும் பெர்ட்டுக்கும் ஒரே தையல், ஒரே நூல், ஒரே கைதான். ஆனாலும் பெர்ட் பல மடங்கு வேலை வாங்கினான்.

இந்த ஜோடியின் மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வந்த நிகழ்ச்சிதான். ஆனால் அதன் உயிர் அந்தக் குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகளில் இருந்தது. அதே பொம்மை ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்: கையில் மைக்கோடு செய்தி சொல்ல வரும் தவளை கெர்மிட், பிஸ்கெட்டைக் கண்டால் நிலைகொள்ளாத குக்கி மான்ஸ்டர், ஹோட்டலில் பரிமாறுபவனாக வந்து வாடிக்கையாளரைப் பாடாய்ப் படுத்தும் குரோவர். இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவர்கள் எர்னியும் பெர்ட்டும்தான். ஒரு சுவர், ஒரு நாற்காலி, சில சமயம் இரண்டு கட்டில், அவ்வளவுதான் அரங்கம். எர்னி காதில் வாழைப்பழத்தைச் செருகிக்கொண்டு நிற்பான். அதைப் பற்றிப் பெர்ட் எத்தனை முறை கேட்டாலும், காதில் வாழைப்பழம் இருப்பதால் நீ சொல்வது கேட்கவில்லை என்பான். குறும்பு எர்னியுடையது, சிரிப்பு பிறக்கிற இடம் எப்போதும் பெர்ட்டின் முகம்தான்.

அந்த முகத்தில் இருப்பதெல்லாம் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய், குறுக்கே ஒற்றைப் புருவம். இமை மூடுவதில்லை, கன்னம் அசைவதில்லை. எர்னி ஏதாவது சொன்னதும் பெர்ட் மெல்லக் காமிராவின் பக்கம் திரும்புவான். ஒன்றுமே செய்யாமல் நம்மைப் பார்ப்பான். காமிராவும் அந்த முகத்தின் மேல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் தலையில் ஒரு தையல் கோடு தெரிந்தால் கண் அங்கே போய்விடும், சிரிப்பு செத்துவிடும். துணி வேலையில் நான் இவ்வளவு நேரத்தைக் கொட்டியதற்கு இதுதான் காரணம்.

இனி தையல். உலகம் முழுக்கக் கைப்பொம்மைக்காரர்கள் இதை ஹென்சன் தையல் என்கிறார்கள். செசமி ஸ்ட்ரீட்டின் பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சனின் பட்டறையில் பொம்மைகளைச் செய்த டான் சாலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. எர்னியையும் பெர்ட்டையும் முதன்முதலில் செய்தவரும் சாலின்தான். ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பது நம் கையில் ஊறிய பழக்கம். இங்கே மடிப்புக்கே இடமில்லை. வெட்டிய இரண்டு ஓரங்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஊசி வெளிப்பக்கத்திலிருந்தே வேலை செய்ய வேண்டும். பொம்மைக்குப் போர்த்தும் மெத்தென்ற, பிசிறுள்ள ஃப்ளீஸ் துணிக்குத் தடிமன் உண்டல்லவா, அந்தத் தடிமனுக்குள்ளேயே, பாதி ஆழத்தில் ஊசி நுழைந்து எதிர் ஓரத்தின் அதே ஆழத்தில் வெளியே வர வேண்டும். அடிவரை குத்தினால் மேல்பக்கம் வாய் பிளந்துகொள்ளும். மேலோட்டமாகக் குத்தினால் நூல் வெளியே தெரியும்.

இழுக்கிற விசைதான் முழு வித்தையும். அதிகம் இழுத்தால் துணி சுருங்கி வரப்பு எழும்பும். குறைத்து இழுத்தால் துணிக்கு அடியில் இருக்கும் ஃபோம் இடைவெளியில் எட்டிப் பார்க்கும். ஓரங்கள் தொட்டுக்கொண்ட மாத்திரத்தில் நிறுத்திவிட்டு, நான்கைந்து தையலுக்கு ஒருமுறை நூலை விரல் நகத்தால் அழுத்திச் சமன் செய்கிறேன். தையலுக்குத் தையல் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விடுவதில்லை. நூலுக்குத் தேன்மெழுகு தடவும் வழக்கம் சிலருக்கு உண்டு. சிக்கு விழாது என்பது உண்மை. ஆனால் மெழுகு பிசிறைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடுகிறது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

தைத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நூலுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட பிசிறையெல்லாம் ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிளறி வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பிசிறைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கோட்டின் குறுக்கே, இரண்டு பக்கமும் மாறி மாறி நீவ வேண்டும். அங்குலம் அங்குலமாகக் கோடு மறைந்துகொண்டே போவதைப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தலை செய்யலாம்.

பெர்ட்டின் தலையில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. எர்னியின் தலை படுக்கை வாட்டம், பெர்ட்டின் தலை நிமிர்த்தி வைத்த வெள்ளரிக்காய். சட்டைக் கோடுகளும் அப்படியே: எர்னிக்குக் குறுக்கே, பெர்ட்டுக்கு நெடுக்கே. இந்த நீள உச்சியில் இரண்டு துண்டும் கூம்பி வந்து சேரும் இடத்தில்தான் துணி முறுக்கிக்கொள்கிறது. துணி அதிகம் இழுபடும் வாட்டம் தலையைச் சுற்றி வருமாறு வெட்டிக்கொண்டேன். தையலைக் கழுத்திலிருந்து தொடங்காமல் உச்சியிலிருந்து தொடங்கினேன். மிச்சம் வருகிற துணியெல்லாம் பிடரிக்கு இறங்கிவிடும்; அங்கே கழுத்தை மூடும் உள்சட்டை எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் சரியாக்கியது. நீளத் தலைப் பொம்மை செய்கிறவர்கள் கட்டாயம் முயன்று பாருங்கள்.

துணியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஹென்சன் பட்டறை பயன்படுத்திய ஆன்ட்ரான் ஃப்ளீஸ் நைலான் வகை. நைலான் ஆசிட் சாயத்தை நன்றாக ஏற்கும் என்பதால், வெள்ளைத் துணியை வாங்கி வேண்டிய நிறத்தைத் தாங்களே ஏற்றிக்கொள்வார்கள். நமக்குக் கிடைக்கும் போலார் ஃப்ளீஸ் பாலியஸ்டர். அதற்கு டிஸ்பர்ஸ் சாயமும், 130 டிகிரி அளவுக்கு அழுத்தத்தோடு கூடிய சூடும் தேவை. அடுப்படியில் நடக்கிற காரியம் அல்ல. ஆகவே மஞ்சளை மஞ்சளாகவே தேடிப் பிடிக்க வேண்டும். திருப்பூர் காதர்பேட்டையில் பின்னலாடை மிச்சத் துணியைக் கிலோ கணக்கில் வாங்கலாம். ஆனால் அங்கே ஃப்ளீஸ் என்று கேட்டால் பெரும்பாலும் பருத்தி ஃப்ளீஸைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பிசிறு. அந்தப் பிசிறும் குட்டை, தையலை மூடாது. இரண்டு பக்கமும் பிசிறுள்ள பாலியஸ்டர்தான் வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். பானிபட்டிலிருந்து வரும் போர்வைகளிலும் இந்த ரகம் உண்டு; ஒரு போர்வையில் பல தலைகள் செய்யலாம்.

இணையத்தில் துணி விற்கும் ஒருவர் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. உருண்டை திரளாத துணி என்று எழுதி விற்றார். பிரஷ்ஷால் இரண்டு நீவல் நீவியதும் மேலெல்லாம் கடுகு கடுகாகத் திரண்டுவிட்டது. கேட்டால், ஸ்வெட்டருக்கு இது போதுமே என்று பதில். ஸ்வெட்டருக்குப் போதும் என்றால் அப்படியே எழுதி விற்க வேண்டியதுதானே? மாதிரித் துண்டு அனுப்ப மறுக்கிறவர்களிடம் இனி வாங்கப்போவதில்லை.

ஃபோம் வழக்கம்போல் சோபா தைக்கும் கடையில் வாங்கிய அரை அங்குலம்தான். நம் ஊர் ஈரக் காற்றில் சில வருடங்களில் பழுத்து உதிரத் தொடங்கிவிடும் என்பது தெரிந்ததே. அமெரிக்காவிலும் இதே பாடுதான். அருங்காட்சியகங்களில் பழைய ஃபோம் பொம்மைகளைப் பாதுகாப்பது தனி வேலையாகவே நடக்கிறது. 2013-இல் ஹென்சன் குடும்பத்தார் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பொம்மைகளில் எர்னியும் பெர்ட்டும் இருந்தார்கள்.

அடுத்து கண். டேபிள் டென்னிஸ் பந்துகளை அரைப்பந்தாக அறுத்து, உப்புத்தாள் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஒட்டவில்லை, அவசரப்படவும் போவதில்லை. கண்ணும் மூக்கும் வாயும் சேர்ந்து ஒரு முக்கோணத்தில் நிற்க வேண்டும், பார்வை ஒரே இடத்தில் குவிய வேண்டும் என்பதில் சாலின் அவ்வளவு கறாராக இருந்தவர். கண் ஒட்டும் நேரத்தில் ஹென்சனும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புவாராம். கறுப்பு வட்டங்களை ஊசியால் குத்தி வைத்து, நகர்த்தி நகர்த்திப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் பெர்ட் கவலைப்படுகிறான். வெளியே இழுத்தால் எங்கோ பராக்குப் பார்க்கிறான். எர்னியைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் அந்தப் பார்வை இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைப் பிடித்த பிறகுதான் பசையைத் திறப்பேன்.

ஆட்டிப் பார்க்கும் வேலையும் நடுவில் நடக்கிறது. பெர்ட் கம்பிப் பொம்மை; வலக்கை தலைக்குள், இடக்கையில் இரண்டு கம்பிகள். பழைய குடைக் கம்பி இதற்கு அருமையாக உதவுகிறது. எர்னி அப்படியல்ல. அவனுடைய கைகளுக்குள் நிஜக் கைகள் போக வேண்டும். ஆட்டுபவரின் இடக்கை ஒரு பக்கம், மறுபக்கத்துக்கு இன்னொருவர் கை. என் அக்கா மகள்தான் அந்த இன்னொரு கை. “மாமா, நீங்கள் சொல்லாமல் திரும்புகிறீர்கள், என் கை பின்னாலேயே நின்றுவிடுகிறது” என்கிறாள். சரியான பேச்சு, தலை திரும்புவதற்கு முன்னால் மூச்சை இழுத்துச் சைகை கொடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். ஆரம்ப நாட்களில் ஹென்சன் பெர்ட்டையும் அவருடைய சக பொம்மலாட்டக்காரர் ஃபிராங்க் ஆஸ் எர்னியையும் ஆட்டிப் பார்த்தார்கள், பிறகுதான் மாற்றிக்கொண்டார்கள். நாங்களும் மாறி மாறிப் பார்த்ததில் அவளுக்குப் பெர்ட்டும் எனக்கு எர்னியும் நன்றாகப் பொருந்துகின்றன.

பெர்ட்டுக்குப் புருவமே இன்னும் வைக்கவில்லை, அதற்குள் குரோவரின் ஹோட்டல் காட்சியை மனம் அரங்கேற்றத் தொடங்கிவிட்டது. குரோவர் முழுக்க நீல ரோமம் என்பதால் தையலைப் பற்றிக் கவலையே இல்லை. அவனிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் மீசைக்கார வாடிக்கையாளர் திரு. ஜான்சன்தான் மீண்டும் வழுவழுத் தலை, அதுவும் நீலம். செசமி ஸ்ட்ரீட்டில் வெறும் தலையாகச் செய்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பக் கண், மூக்கு, முடி மாற்றி ஒட்டிக்கொள்ளும் பொம்மைகள் உண்டு. ஜான்சன் அந்த வகை. ஒரே தலையைக் காட்சிக்கு ஒரு ஆளாக மாற்றலாம் என்றால் செலவும் குறையும். வெல்க்ரோ ஃப்ளீஸ் பிசிறைப் பிய்க்காமல் இருக்குமா என்று யாராவது சோதித்திருந்தால் சொல்லுங்கள்.

புருவத்துக்குக் கறுப்பு ரோமத் துணி வாங்க சனிக்கிழமை திருப்பூர் போகிறேன். கத்தரியால் வெட்டினால் ரோமத்தின் நுனி மொட்டையாகிவிடும் என்பதால், பின்பக்கமாகப் பிளேடால் அடித்துணியை மட்டும் கீறி எடுப்பேன். முடி நீளம் ஓர் அங்குலத்துக்குக் குறையாத ரகம் வேண்டும். கடையில் அரை மீட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள், பெர்ட்டுக்கு அதில் ஒரு விரல் அகலம் போதும். மீதியில் யாருக்காவது பங்கு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.