கனகராயன் ஆத்துக்கு மேலால ஒரு ஆகாயக்கப்பல்

கொஞ்சக் காலமா ஒரு ஸ்டீம்பங்க் கதை எழுதிக்கொண்டிருக்கிறன், பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளையள் வாசிக்கிறதுக்கு. சாகசம் இருக்கு, காதலும் இருக்கு, ஆனா வீட்டில எல்லாருக்கும் முன்னால சத்தமா வாசிக்கக்கூடின கதை. ஸ்டீம்பங்க் எண்டா என்னெண்டு கேக்கிறவைக்கு: கரண்டும் பெற்றோலும் உலகத்தைப் பிடிக்காமல் நீராவியும் பல்சில்லும் பித்தளைக் குழாயும்தான் கடைசிவரைக்கும் ஓடியிருந்தா எப்பிடியிருக்கும் எண்டு யோசிக்கிற விஞ்ஞானக் கதை. அந்தப் பேரே 1987லதான் வந்தது. நான் வாசிச்ச முக்கால்வாசிக் கதையும் லண்டன் புகைக்குள்ள தொப்பி போட்ட துரைமாரோடதான் நடக்குது. எனக்கு அது வன்னியில நடக்கோணும்.

தொண்ணூறுகளில யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள்ள இஞ்ச வன்னியில இருந்த ஆக்களுக்கு ஏனெண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கரண்ட் இல்லை, ஆனா மோட்டச்சைக்கிள் ஓடினது. துளியளவு பெற்றோலை விட்டு உதைச்சு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, ஏனெண்டா மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினுக்குள்ள லேசில ஆவியாகாது. பின்னால வெள்ளைப் புகை ஊரையே மூடும். றேடியோ கேக்கோணுமெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து வயரை இழுத்து மற்றவை சுத்திவர இருந்து செய்தி கேப்பினம். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு கொஞ்ச எண்ணெயை ஊறவிட்டு ஒரு திரி, அந்த வெளிச்சத்தில படிச்சு சோதினை எழுதின பிள்ளையள் எத்தினை பேர். மருந்துக்கும் சனம் தவிச்ச காலம் அது, அதை வடிவாக்கிக் காட்ட நான் வரேல்ல. ஆனா ஒரு மெசினைத் திறந்து அதின்ர வேலையை விளங்கி, கையில கிடைச்சதை வைச்சு அதை ஓடப்பண்ணுற கெட்டித்தனம்தான் இந்த வகைக் கதையின்ர உயிர், அது எங்கட அப்பா அம்மாவின்ர கையில இருந்தது, அதைப் பிள்ளையள் ஒரு கதைக்குள்ள காணோணும் எண்டு எனக்குச் சரியான ஆசை.

கதை நடக்கிறது 1904ல. காங்கேசன்துறையில இருந்து சாவகச்சேரிக்கு 1902ல ரயில் ஓடத் தொடங்கி, 1905ல கொழும்போட தொடுத்தது. இடையில கிடந்தது கனகராயன் ஆறு ஓடுற எங்கட வன்னிக் காடு, பாலை வீரை முதிரை மரங்களும் யானையும் மலேரியாவும். அந்தக் காட்டுக்கு மேலால பூமணி எண்ட 17 வயசுப் பெட்டையும் தந்திக் கந்தோரில வேலை பழகிற செல்லத்துரை எண்ட பொடியனும் ஒரு ஆகாயக்கப்பலில மன்னாரில இருந்து முல்லைத்தீவுக்கு மலேரியாக் காய்ச்சலுக்குக் குடுக்கிற கொயினா மருந்து கொண்டு போகினம்.

ஆகாயக்கப்பல் நான் சும்மா விட்ட கதையில்லை. 1852ல பிரான்சில ஹென்றி ஜிஃபார்ட் எண்டவர் 3 குதிரைவலு நீராவி எஞ்சின் பூட்டின பலூனில பாரிசில இருந்து 27 கிலோமீற்றர் பறந்தவர். போனவர், ஆனா காத்தை எதிர்த்துத் திரும்பி வர எஞ்சினுக்குப் பலம் காணேல்ல. இதை வாசிச்ச உடன எனக்குச் சோளகம்தான், எங்கட தென்மேற்குக் காத்துத்தான் ஞாபகம் வந்தது. சோளகக் காத்தில முல்லைத்தீவுக்குப் போறது சுகம், திரும்பி வாறதுதான் கதை! ராவில காத்துக் குறையேக்க மட்டும் எஞ்சினைப் போட்டு, பகலில மரத்தில கயிறு கட்டி நிண்டு, இழுத்து இழுத்து மாங்குளம் வரைக்கும் வருகினம், அங்க எஞ்சினைக் கழட்டி, போட்டு முடியாத தண்டவாளத்தில ஒரு தள்ளுவண்டியில பூட்டுகினம்.

இன்னொரு பிரச்சினை தண்ணி. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ, கனக்க ஏத்தினா கப்பல் எழும்பாது, குறைய ஏத்தினா கொதிகலன் காயும். அதால குளத்துக்குக் குளம் இறங்கோணும். இது வன்னிக்கெண்டே செய்து வைச்ச பிரச்சினை எண்டு நான் சந்தோசப்பட்டன். வவுனிக்குளத்தில இறங்கினா அணை உடைஞ்சு காடு மூடிக் கிடக்கு (அதைத் திருத்தினது 1950களிலதான்), பாலியாறும் வத்திப்போச்சு. பூமணி ஆத்து மணலுக்குள்ள முழங்கை ஆழத்துக்கு ஊத்துத் தோண்டி, ஊறிற தண்ணியை சிரட்டையால அள்ளி, சீலைத்துணியில வடிச்சு வாளிக்குள்ள விடுறாள். மணல் போனா குழாய் அடைக்கும், அவளுக்கு அது தெரியும், அவளின்ர அப்பா கொதிகலன் பாக்கிறவர்.

கொதிகலனைப் பற்றி நான் படிச்சது ஒரு அரிசி மில்லில. அங்க நெல் அவிக்கிறது இப்பவும் உமி எரிச்சு வாற நீராவியிலதான். அந்த அண்ணை முதலில காட்டினது தண்ணிமட்டம் பாக்கிற கண்ணாடிக் குழாயை. ஒரு பங்கு தண்ணி ஆவியானா 1,600 பங்குக்கு மேல விரியும், அதால அந்தக் கண்ணாடியில இருந்து கண்ணை எடுக்கக்கூடாது எண்டார். தண்ணி தெரியேல்லயெண்டா பச்சைத்தண்ணியை விடாதை தம்பி, நெருப்பை இழு எண்டும் சொன்னார். என்ர கதையின்ர காதல் காட்சி அதில இருந்துதான் வந்தது.

“பூமணி, கண்ணாடியில தண்ணி இல்லை. வால்வைத் திறக்கட்டோ?”

“ஐயோ திறவாதேயும்! காஞ்ச இரும்பில பச்சைத்தண்ணி பட்டா வெடிக்கும். நெருப்பை இழும், கெதியா!”

அவன் கொள்ளியளை இழுத்து எறியிறான், கை சுட்டுப்போகுது. எல்லாம் அடங்கினாப்பிறகு அவள் தேங்காயெண்ணெய் தடவி விடுறாள், தடவி முடிஞ்சும் கையை விடேல்ல. அவ்வளவுதான் எழுதியிருக்கிறன். ஒருத்தர் சொல்லுக்கு மற்றவர் உயிரை நம்பிக் குடுத்ததுக்குப் பிறகு பெரிய வசனம் என்னத்துக்கு?

எனக்குச் சரியாப் பிடிச்ச ஒண்டையும் சொல்லோணும். சார்ள்ஸ் பாபேஜ் கணக்குப் போடுற ஒரு பெரிய இயந்திரத்துக்கு வரைபடம் கீறினவர், அதுக்கு ஓட்டை குத்தின அட்டையளால கட்டளை குடுக்கிறது எண்டு யோசிச்சவர், அந்த யோசினை துணி நெய்யிற தறியில இருந்து வந்தது. அதைப்பற்றி அடா லவ்லேஸ் எண்ட பெண் 1843ல எழுதின குறிப்புகள் இண்டைக்கும் பேசப்படுது. என்ர கதையில அந்த அட்டை பனையோலை. பூமணியின்ர அம்மம்மா எழுத்தாணியால ஓலையில ஓட்டை குத்திக் குடுக்க, மெசின் அதை ஒவ்வொண்டா இழுத்து காத்தின்ர திசைக்குக் கணக்குப் போடும். ஓலை ஈரத்தில சுருண்டா கணக்குப் பிழைக்கும், கப்பல் திசை மாறும். அந்த அத்தியாயத்தை எழுதேக்க விடியுமட்டும் நித்திரை கொள்ள மனம் வரேல்ல.

இன்னும் கடைசிப் பகுதி, தண்டவாளத்தில ஓடுறது, எழுதேல்ல. இந்தப் பாதை 1990ல நிண்டு, 2013 செப்டம்பரிலதான் திரும்பக் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, நீராவி எஞ்சினைக் கண்ட ஆக்களும் இப்ப கனபேர் இல்லை. உங்கட தாத்தாமார் ஆராவது அந்தக் காலத்து எஞ்சினில கரி போட்டவையோ, ஸ்டேசனில வேலை செய்தவையோ எண்டா, அவை அந்தச் சாமான்களுக்கு என்ன பேர் சொன்னவை, எஞ்சின் மேட்டில ஏற மாட்டன் எண்டு நிண்டா என்ன செய்தவை எண்டு கேட்டு எனக்கு எழுதுங்கோ. சில்லு சறுக்காமல் இருக்க மணல் போடுவினமாம் எண்டு கேள்வி, எப்பிடிப் போட்டவை எண்டுதான் எனக்கு வேணும்.