சைக்கிள் ஆப்பின்ர புள்ளிவிவரப் பக்கத்தைத் துப்புரவாக்கினது

விடிய வெள்ளண சைக்கிள் உழக்கிற எங்கட ஆக்கள் நாலைஞ்சு பேர் பாவிக்கிறதுக்கெண்டு ஃப்ளட்டர் எண்ட ஆப் கட்டுற கருவியில ஒரு சின்ன ஆப் செய்து வச்சிருக்கிறன், ஓட்டத்தைப் பதியிற பக்கம் எல்லாம் ஓகே, புள்ளிவிவரப் பக்கம்தான் சந்தைக் கடை மாதிரி ஆகிட்டுது. மொத்தத் தூரம், மாசத் தூரம், சராசரி வேகம், உச்ச வேகம், கலோரி, ஏற்றம், எந்த நாளில கூட ஓடினது எண்டு ஒரு வட்டப் படம், எல்லாம் ஒரே அளவுப் பெட்டிக்குள்ள. டேட்டா கையில கிடக்கு, கணக்குப் போடலாம், அப்ப போட்டுக் காட்டுவம் எண்டு சேர்ந்ததுகள். எங்களோட ஓடுற அண்ணை ஒராள் போனை வாங்கி மேலயும் கீழயும் தள்ளிப் பாத்திட்டு "தம்பி, உதுக்குள்ள இந்தக் கிழமை நான் எவ்வளவு ஓடினனான் எண்டு எங்க கிடக்கு?" எண்டார். அது அங்க இல்லவே இல்லை.

முதல்ல தூக்கினது ஏற்றம். யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியால வெளிக்கிட்டு மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை எண்டு போனா வழியில எங்கயாவது மேடு இருக்கோ? ஆனா ஆப் நூறு மீற்றருக்கு மேல ஏறினதாச் சொல்லும். ஜிபிஎஸ் சட்டலைட் எல்லாம் தலைக்கு மேலதான், நிலத்துக்குக் கீழ ஒண்டும் இல்லைத்தானே, அதால இடத்தைக் காட்டிலும் உயரம்தான் கூடப் பிழைக்கும், ரெண்டு மீற்றர் மேல ஒரு மீற்றர் கீழ எண்டு சும்மா ஆடிக்கொண்டே இருக்கும், அதில மேல போனதை மட்டும் கூட்டினா யாழ்ப்பாணத்திலயும் மலை முளைக்கும். சின்ன ஆட்டத்தைக் கணக்கெடுக்காம விட்டுத் திருத்தலாம், திருத்தினா வாற விடை கிட்டத்தட்டப் பூச்சியம், பேந்தேன் அதுக்கொரு பெட்டி.

உச்ச வேகமும் போட்டுது, ஜிபிஎஸ் ஒருக்காத் துள்ளினாக் காணும், ஆள் மோட்டச்சைக்கிளை விட வேகமா ஓடினதாக் காட்டும். கலோரி நிறையை வச்சுப் போடுற குத்துமதிப்பு. வட்டப் படத்தை ஒருத்தரும் தேடேல்ல.

இப்ப மேல ஒரே ஒரு பெரிய எண், இந்தக் கிழமை எத்தினை கிலோமீற்றர், அதுக்குக் கீழ கடைசி 8 கிழமைக்கும் பார்கள், பூச்சியத்தில இருந்துதான் தொடங்கும். இதில மினைக்கெட்டது நடப்புக் கிழமையோட. செவ்வாய்க்கிழமை திறந்து பாத்தா கடைசி பார் கட்டையா நிக்கும், ஓட்டம் விழுந்திட்டுது போல இருக்கும், அதால அந்தப் பாருக்கு வெளிறின நிறம் குடுத்து, போன கிழமை இதே செவ்வாய் வரைக்கும் எவ்வளவு ஓடினது எண்டு குறுக்க ஒரு கோடு வச்சன். அந்தக் கோடு வந்தாப் பிறகு "நான் முந்தியோ பிந்தியோ" எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. கிழமை திங்களில தொடங்குது, ஞாயிறில தொடங்கினா எங்கட சனி ஞாயிறு நெடும் ஓட்டம் ரெண்டு பாருக்குள்ள பிரிஞ்சு போகும்.

சராசரி வேகம்தான் கரைச்சல். சோழகம், அதான் தென்மேல் காத்து, அடிக்கேக்க வேலணைப் பக்கம் போறது முகத்துக்கு நேர எதிர்காத்து, திரும்பி வரேக்க தள்ளிக்கொண்டு வரும். போகேக்க மணிக்கு 15, வரேக்க 30 எண்டா சராசரி 22.5 இல்லை, 20, ஏனெண்டா மெதுவான பக்கத்திலதான் கூட நேரம் போகுது. மார்கழியில வாடை வந்தா எல்லாம் மறுவளம். அப்ப வைகாசி ஓட்டத்தையும் மார்கழி ஓட்டத்தையும் ஒரே வரைபடத்தில போட்டு முன்னேற்றம் எண்டு சொல்லுறதில என்ன இருக்கு, சொல்லுங்கோ. அதால வேகத்தை முதல் பக்கத்தில இருந்து எடுத்து, ஒரே றூட், ஒரே காத்து எண்டு வடிகட்டித்தான் பாக்கலாம் எண்டு வச்சிருக்கிறன், ஓட்டம் முடிச்சு சேமிக்கேக்க எதிர்காற்று, பின்காற்று, காற்றில்லை எண்டு ஒரு தட்டு தட்டினாச் சரி.

அந்த "எதிர்காற்று" எண்ட லேபிளோட பட்ட பாடு தனி. வரி உயரம் 1.0 எண்டு வச்சா மேல புள்ளியும் கீழ "று"வின்ர வாலும் வெட்டுப்படும், 1.4க்கு ஏத்தினாப் பிறகுதான் வடிவா வந்தது. எண்களுக்கு எல்லா இலக்கமும் ஒரே அகலமா வாற அமைப்பைப் போட்டன், இல்லாட்டி எண் ஏறேக்க 1 வாற இடமெல்லாம் முழு வரியும் நடுங்கும். கறுப்புத் தீம் அறைக்குள்ள நல்ல ஸ்டைல்தான், ஆனா பண்ணைப் பாலத்தில பத்து மணி வெயிலுக்கு ஒண்டும் தெரியாது, அதால வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து.

காத்தைத் தட்ட ஆக்கள் மறக்கினம், அதுக்கு ஓப்பன்-மீற்றியோ எண்ட வானிலைச் சேவையில இருந்து மணித்தியாலக் காத்துத் திசையை எடுத்துத் தானா நிரப்பப் பாக்கிறன், போய்த் திரும்பிற ஓட்டத்தை ரெண்டாப் பிரிக்கிற கோட் இன்னும் சரிவரேல்ல. அண்ணை இப்ப கலோரியைத் திருப்பிப் போடச் சொல்லி நிக்கிறார், வீட்டில காட்டோணுமாம்.