குரூப் 4: யா லதீஃப் என்று பேனாவைக் கீழே வைத்த நான்கு நிமிடங்கள்

அல்ஹம்துலில்லாஹ், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு இந்த முறை எனக்கு வந்துவிட்டது. ரிசல்ட் பார்த்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் பதிவெண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சமச்சீர் புத்தகம், பழைய கேள்வித்தாள், டெஸ்ட் பேட்ச் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அஸ்மாவுல் ஹுஸ்னாவைப் பற்றி. அல்லாஹ்வின் அழகிய பெயர்கள் இந்த இரண்டு வருடம் என்னைத் தாங்கின. அதற்கு முன்னால் அவற்றை நான் மிகவும் தப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

2022 ஜூலை 24, என் முதல் முயற்சி. 118ஆவது கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். 119க்கான விடையை 118க்கு நேரே கருப்பாக்கிவிட்டேன். 131 வரை அப்படியே போனது. தெரிந்தபோது விரல் நடுங்கியது. பால்பாயிண்ட் மை, அழிக்க வழியில்லை. 14 கேள்வி, 21 மதிப்பெண். கட் ஆஃபுக்கு எனக்குக் குறைந்தது 9.

அந்த வருடம் முழுக்க ஸுப்ஹு (அதிகாலைத் தொழுகை) தொழுததும் "யா ஃபத்தாஹ்" 489 முறை ஓதுவேன். அரபி எழுத்துக்கு எண் மதிப்பு தரும் அப்ஜத் கணக்கில் அந்தப் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் எண் அது. வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு நாள்கூட விட்டதில்லை. ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். உதடு ஓடும், மனசு பொருளியல் பாடத்தில் நிற்கும். மாதாமாதம் சீட்டுப் பணம் கட்டுவது போல. கட்டியாயிற்று, இனி வந்தாக வேண்டும் என்ற எண்ணம். வரவில்லை என்றதும் அந்தப் பெயரைக் கேட்டாலே கசந்தது. தேர்வில் தோற்றதைவிட அதுதான் எனக்குப் பெரிய வலி. எண்ணி ஓத வைத்திருந்த தஸ்பீஹ் மணியை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதை எடுத்து என் கையில் கொடுத்தது உம்மும்மா, என் பாட்டி. "பேரைச் சொல்லிக் கூப்புட்டியே புள்ள, யாரைக் கூப்புடறோம்னு தெரிஞ்சா கூப்புட்டே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

தெரியாது. ஃபத்தாஹ் என்றால் கதவு திறப்பவன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று இரவு தர்ஜுமாவை (குர்ஆன் மொழிபெயர்ப்பை) திறந்து ஸூரத்துஸ் ஸபஉவின் 26ஆம் வசனத்தைத் தேடிப் படித்தேன். இறைவன் நம்மை ஒன்றுசேர்ப்பான், பிறகு நமக்கிடையில் உண்மையைக் கொண்டு தீர்ப்பளிப்பான் என்று சொல்லிவிட்டு, அவனே அல் ஃபத்தாஹ், அல் அலீம் என்று முடிகிறது. அங்கே திறப்பது என்பதே தீர்ப்பளிப்பதுதான். பக்கத்திலேயே அலீம், எல்லாம் அறிந்தவன். நான் எந்தக் கதவு என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எது திறக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு நன்றாக அழுதேன். ஒரு வருடம் கழித்து மனசு லேசானது.

99 பெயர்களை "அஹ்ஸா" செய்தவர் சொர்க்கம் புகுவார் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எண்ணுவது, மனனம் செய்வது மட்டும் பொருளல்ல, விளங்கிக்கொள்வதும் அதன்படி வாழ்வதும் சேர்ந்தது என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) விளக்குகிறார்கள். அதனால் வாரத்துக்கு ஒரே ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டேன். தேர்வு வரை 99-ஐ முடிக்கவே இல்லை. அவசரமும் படவில்லை.

என்னோடு அதிக நாள் இருந்தது அல் லதீஃப். நுட்பமானவன், கண்ணுக்குத் தெரியாத வழியில் நன்மையைக் கொண்டு சேர்ப்பவன். யூசுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் கனவு கண்டது, அவர் பெயரில் குர்ஆனில் உள்ள ஸூராவின் (அத்தியாயத்தின்) 4ஆம் வசனத்தில். அது நனவானது 100ஆம் வசனத்தில், அங்கேதான் "என் இறைவன் லதீஃப்" என்று சொல்கிறார். இடையில் கிணறு, அடிமையாக விற்கப்பட்டது, சிறை. கிணற்றுக்குள் இருந்தவருக்கு 100ஆம் வசனம் தெரிந்திருக்காது. நான் 20ஆம் வசனத்தில் நின்றுகொண்டு கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

அடுத்து அல் ஜப்பார். தமிழில் அடக்கி ஆள்பவன் என்றுதான் படித்திருப்போம். பயமான பெயர் என்று தள்ளியே வைத்திருந்தேன். ஆனால் அந்த வேர்ச்சொல்லுக்கு உடைந்த எலும்பைச் சேர்ப்பது என்ற பொருளும் உண்டு. எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் பத்தைக்கு அரபியில் ஜபீரா என்று பெயர். அல்ஜிப்ரா என்ற சொல்லும் இதே வேர்தான், அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள அல் ஜப்ர். வாப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது நான்தான் ஆஸ்பத்திரியில் கூட நின்றேன். டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கிய அந்த நொடியில்தான் வாப்பா கத்தினார்கள். உடைந்தபோதுகூட அப்படிக் கத்தவில்லை. அதை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைச் சொன்னால் வேறு மாதிரி இருக்கிறது. எனக்குக் கிலி தரும் 25 கணக்குக் கேள்விகளை ஜப்பாரின் வாரத்தில்தான் தொட ஆரம்பித்தேன்.

நான் செய்தவை:

- பெயரைத் தனியாகப் படிக்காமல், அது வரும் வசனத்தோடு படித்தேன். முன்பின் இரண்டு வசனமும் சேர்த்து.
- படிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரால் ஒரு துஆ (வேண்டுதல்). நம் தமிழில். அல்லாஹ்வுக்குத் தமிழ் தெரியும்.
- சோர்ந்த இரவுகளுக்கு அஷ் ஷகூர். சின்ன உழைப்பையும் மதிப்பவன். கட் ஆஃப் பார்க்காத உழைப்பையும் அவன் பார்க்கிறான்.
- தங்கைகளுக்கு: தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களிலும் திக்ருக்கு (இறைவனை நினைத்து ஓதுவதற்கு) தடையில்லை. என் தேர்வே அப்படி ஒரு நாளில்தான் வந்தது.
- எண்ணி ஓதி நிம்மதி அடைபவர்கள் தாராளமாக ஓதுங்கள். என்னைப் போல அவசரக்காரர்களுக்கு எண் ஆகாது.
- ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் (இறைவன் மேல் நம்பிக்கை) வை என்ற ஹதீஸ் தெரியும்தானே. படிக்காமல் போகாதீர்கள்.

இனி முக்கியமான ஒன்று. இதை மட்டுமாவது செய்யுங்கள். 2024 ஜூன் 9, தேர்வு அறையில் ஒவ்வொரு 50 கேள்விக்கும் பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு நிமிடம். "யா லதீஃப்" என்று மெதுவாக, மூச்சு விடும் வேகத்தில். பிறகு கேள்வி எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். 50, 100, 150, 200. மொத்தம் நான்கு நிமிடம். 100ஆவதில் நின்று பார்த்தபோது 99ஆவதில் ஒரு கேள்வி தள்ளிப் போயிருந்தது, அங்கேயே பிடித்துவிட்டேன். பக்கத்து வரிசைப் பெண் வேகமாகப் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. எனக்குப் பதற்றம் வரவில்லை.

இந்த முறை வராத தங்கச்சி, தம்பிகளுக்கு: ஒரு வாரம் கட் ஆஃப் கணக்கு போடாதீர்கள், டெலிகிராம் குரூப் பக்கம் போகாதீர்கள். அல் ஜப்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) பிறகு விளக்கை அணைத்துவிட்டு, எங்கே உடைந்திருக்கிறது என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புத்தகத்தை அடுத்த வாரம் திறக்கலாம்.